வாசகர் கேள்வி – பதில்: ஐஸ் ஹாக்கி அணிகள் ஏன் ஊர்விட்டு ஊர் போகின்றன?

வட அமெரிக்கச் சிறு நகரங்களின் ஐஸ் ஹாக்கி அணிகளைப் பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். பழைய வடஆற்காட்டுக்காரர்களாகிய நமக்கு ஹாக்கி என்றால் மைதானத்தில் வளைகோல் கொண்டு ஆடுவதுதான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது மூடிய அரங்கில், உறைந்த தளத்தின்மேல், சறுக்குக் காலணி அணிந்து, 'பக்' எனப்படும் கறுப்பு ரப்பர் வில்லையை விரட்டி ஆடும் ஆட்டம்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சத்துவாச்சாரி: என் மகன் ஒஹாயோ மாநிலத்து டொலீடோ நகரில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை இரவு 'வால்ஐ' அணியின் ஆட்டத்துக்கு அழைத்துப் போனான். அரங்கம் நிறைந்திருந்தது. பக்கத்து இருக்கைப் பெரியவர், இந்த ஊரில் முன்பு வேறு அணி இருந்ததென்றும், நடுவில் இரண்டு ஆண்டு அணியே இல்லையென்றும், இதே அளவுள்ள பல ஊர்களில் அணிகள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிட்டன என்றும் சொன்னார். அவ்வளவு கூட்டம் வந்தும், அத்தனை பணமுள்ள நாட்டில், ஓர் அணியால் ஏன் நிலைத்து நிற்க முடியவில்லை?

ஐயா, நீங்கள் பார்த்தது வெள்ளிக்கிழமைக் கூட்டம். ஓர் அணியின் வரவு செலவை அறிய வேண்டுமானால் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தையும் பார்க்க வேண்டும்.

அங்கே ஐஸ் ஹாக்கி படிப்படியாக அமைந்திருக்கிறது. உச்சியில் இருப்பது என்.ஹெச்.எல். எனப்படும் பெரிய லீக். அதற்கு அடுத்த படியில் 1936-இல் தோன்றிய அமெரிக்கன் ஹாக்கி லீக் (ஏ.ஹெச்.எல்.) இருக்கிறது. அதில் இப்போது 32 அணிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு பெரிய அணியோடு, அதாவது என்.ஹெச்.எல். அணியோடு, இணைக்கப்பட்டது. அதற்கும் கீழே 1988-இல் ஐந்தே அணிகளோடு தொடங்கிய ஈ.சி.ஹெச்.எல். இருக்கிறது. நீங்கள் பார்த்த டொலீடோ அணி ஆடுவது இந்த மூன்றாம் படியில்தான். அதற்குக் கீழும் சிறு லீக்குகள் உண்டு. அங்கே அணி பிறப்பதும் மறைவதும் ஆண்டுதோறும் நடப்பவை.

உச்சியிலுள்ள அணிகளுக்குத் தொலைக்காட்சி உரிமப் பணம் வருகிறது. மூன்றாம் படியிலுள்ள அணிக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளும் தொகை எதுவும் வருவதில்லை. வாயிலில் விற்கும் டிக்கெட்டும், உள்ளூர்க் கடைக்காரர்களும் நிறுவனங்களும் தரும் விளம்பரப் பணமும்தான் அதன் சோறு. ஒரு சீசனுக்கு 72 ஆட்டங்கள். அவற்றில் சொந்த ஊரில் நடப்பவை 36. அதாவது ஆண்டின் 365 நாட்களில் கல்லாப்பெட்டி திறப்பது 36 நாட்கள் மட்டுமே.

இதைப் புரிந்துகொள்ள நம் ஊர்க் கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியில் பலரும் வைப்பதில்லை. மீதி மாதங்களிலும் முகூர்த்த நாள் வந்தால்தான் மண்டபத்தில் விளக்கெரியும். ஆனால் காவலாளிக்குச் சம்பளம், சொத்து வரி, வங்கிக்கடனின் வட்டி ஆகியவை மாதந்தோறும் போய்க்கொண்டே இருக்கும். மண்டபக்காரர் வாடகையை நிர்ணயிக்கும்போது மூடிக்கிடக்கும் நாட்களின் செலவையும் முகூர்த்த நாட்களின்மேல் ஏற்றித்தான் கணக்குப் போடுகிறார். ஹாக்கி அரங்கின் கணக்கும் அதுவேதான். இங்கே ஒரு வேறுபாடு உண்டு: மண்டபத்துக்கு இந்தக் குடும்பம் வராவிட்டால் வேறொரு குடும்பம் வரும், ஹாக்கி அரங்கத்துக்கு ஒரே ஒரு அணிதான் நிரந்தர வாடிக்கை.

அணியின் செலவுப் பட்டியலும் சிறியதன்று. வீரர்களின் வாரச் சம்பளம், அவர்கள் தங்கும் வீட்டு வாடகை, நூற்றுக்கணக்கான மைல் ஓடும் பேருந்து, ஆட்டந்தோறும் உடையும் மட்டைகள், லீக்குக்குக் கட்ட வேண்டிய சந்தா, இவை போதாதென்று தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு. முட்டி மோதி ஆடும் ஆட்டமாகையால் காயம் அன்றாடம். ஆகவே இந்தக் காப்பீட்டுக்கான கட்டணம் அணி நடத்துபவரின் தூக்கத்தைக் கெடுக்கும் செலவுகளில் ஒன்று.

இனி வரவைப் பாருங்கள். அரங்கத்துக்கு வருபவர் டிக்கெட்டோடு நிற்பதில்லை; வண்டி நிறுத்தக் காசு கொடுக்கிறார், பீரும் ஹாட்டாக் ரொட்டியும் வாங்குகிறார். அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்பதை அணிக்கும் அரங்குக்கும் இடையிலான குத்தகை ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. பெரும்பாலான சிறு அணிகளின் வாழ்வும் சாவும் அந்த ஒப்பந்தத்தின் இரண்டு மூன்று பத்திகளில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

மேயின் மாநிலத்துப் போர்ட்லண்டில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஊர் அரங்கம் 1977-இல் திறக்கப்பட்டது. அதைப் புதுப்பிக்க 3.3 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிடலாம் என்று 2011-இல் மக்கள் வாக்களித்து ஒப்புதல் தந்தார்கள். வேலை நடந்துகொண்டிருந்த 2013-இலேயே, உணவு, மது விற்பனை வருவாயைப் பங்கிடுவதில் அரங்கத்தாருக்கும் அங்கே ஆடிவந்த ஏ.ஹெச்.எல். அணியான பைரேட்ஸுக்கும் தகராறு முற்றியது. அணி பக்கத்து ஊரான லூயிஸ்டனுக்குப் போய், 2013–14 சீசனின் உள்ளூர் ஆட்டங்களை அங்கே ஆடியது. மக்கள் தங்கள் தலையில் கடனை ஏற்றிக்கொண்டு புதுப்பித்த அரங்கம், யாருக்காகப் புதுப்பிக்கப்பட்டதோ அந்த அணியே இல்லாமல் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தது. பிறகு சமாதானமாகி அணி திரும்பியது. ஆனால் 2016-இல் விற்கப்பட்டு மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டுக்கே போய்விட்டது. இரண்டு குளிர்காலம் அணியே இல்லாமல் இருந்த அந்த அரங்குக்கு 2018-இல்தான், ஒரு படி கீழேயுள்ள ஈ.சி.ஹெச்.எல். அணி ஒன்று வந்து சேர்ந்தது.

தோல் தொழிற்சாலை மேலாளர், ஆம்பூர்: தனியார் ஒருவர் அணி நடத்தி நட்டப்படுவது அவர் பாடு. எங்கள் தொழிலிலும் ஆர்டர் வரும், போகும். ஆனால் நகராட்சிகள் ஏன் இதில் பணம் போடுகின்றன? அணி மூடப்பட்டால் அரங்கின் கடனை யார் அடைக்கிறார்கள்?

மக்கள்தான் அடைக்கிறார்கள், ஐயா. உங்கள் கேள்விதான் வந்தவற்றுள் முதன்மையானது. ஆகவே இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

2000-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் அமெரிக்கச் சிறு நகரங்கள் பல, நான்காயிரம் முதல் பத்தாயிரம் இருக்கை கொண்ட அரங்குகளை வரிசையாகக் கட்டின. ஆலைகள் மூடி நகரின் நடுப்பகுதி வெறிச்சோடிவிட்டது, அரங்கம் வந்தால் ஓட்டல் வரும், கடை வரும், இரவில் ஆள் நடமாட்டம் வரும் என்பதே எங்கும் சொல்லப்பட்ட காரணம். இந்த ஆசை இழிவானதன்று. இரும்பாலைகள் மூடியபின் ஒஹாயோவின் யங்ஸ்டவுன் பட்ட துன்பத்தை அறிந்தவர்கள், அந்த ஊர் 2005-இல் ஓர் அரங்கம் திறந்ததைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அங்கே ஆட வந்த ஸ்டீல்ஹவுண்ட்ஸ் என்னும் அணி 2008-க்குமேல் தாங்கவில்லை. நியூ மெக்ஸிகோவின் ரியோ ராஞ்சோவில் 2006-இல் அரங்கம் திறந்தது. அணி 2009-இல் நின்றது. கொலராடோவின் புரூம்ஃபீல்டிலும் 2006-இல் திறப்பு, 2009-இல் அணி இல்லை. இசை நிகழ்ச்சிகளை வைத்துச் சில காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு, 2023-இல் அந்தக் கட்டடத்தை மூடி இடித்துவிடுவதென்று முடிவெடுத்தார்கள். திறந்து பதினேழே ஆண்டுகள். நம் பக்கத்தில் ஒரு மாடிவீடுகூட அதைவிட நீண்ட நாள் நிற்கும்.

இவற்றுள் என் மனத்தை மிகவும் வருத்தியது வாஷிங்டன் மாநிலத்து வெனாச்சி என்ற ஊரின் கதை. ஆப்பிள் தோட்டங்களுக்குப் பேர்போன ஊர்; மக்கள்தொகை 35,000 அளவில், குடியாத்தத்தில் பாதிகூட இல்லை. அங்கே 2008-இல் ஓர் அரங்கம் திறக்கப்பட்டது. அதற்காகச் சுற்றுவட்டார உள்ளாட்சிகள் சேர்ந்து அமைத்த ஒரு பொது அமைப்பு, ஏறத்தாழ 4.2 கோடி டாலருக்கு மூன்றாண்டுக் கடன் பத்திரங்களை வெளியிட்டது. இது இடைக்காலக் கடன். மூன்றாண்டுக்குள் அரங்கம் நன்றாக ஓடும், அதைக் காட்டி நீண்டகாலக் கடன் வாங்கி இதை அடைத்துவிடலாம் என்பது கணக்கு. அரங்கம் நினைத்தபடி ஓடவில்லை; நீண்டகாலக் கடனும் கிடைக்கவில்லை. 2011 டிசம்பரில் தவணை நாள் வந்தபோது கட்டப் பணமில்லை.

இதை விசாரித்த அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனைக் கண்காணிப்பு ஆணையம் 2013-இல் வெளியிட்டதில்தான் உண்மை தெரிந்தது. அரங்கின் வருவாய் மதிப்பீட்டைப் பார்த்த வெளி ஆலோசகர் ஒருவர் அது நடக்கக்கூடியதா என்று முன்பே ஐயம் எழுப்பியிருந்தார். ஊர்ப் பெரியவர்களின் நம்பிக்கைப் பேச்சை ஏற்று மதிப்பீட்டு எண்கள் உயர்த்தப்பட்டிருந்தன. இவை எதுவும் பத்திரம் வாங்கியவர்களுக்குச் சொல்லப்படவில்லை. உள்ளாட்சி சார்ந்த ஓர் அமைப்பின்மீது அந்த ஆணையம் அபராதம் விதித்தது அதுவே முதல்முறை. தொகை 20,000 டாலர்தான். ஆனால் கடனை அடைக்க அந்த வட்டாரத்து மக்கள் விற்பனை வரியை உயர்த்திக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு நாளும் ஆட்டம் பார்க்காத கிழவியும் சோப்பு வாங்கும்போது அரங்கத்துக்குப் பணம் கட்டினாள்.

கூட்டுறவுச் சங்கக் கணக்குகளைப் பல்லாண்டு தணிக்கை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'எதிர்பார்க்கப்படும் வருவாய்' என்ற பத்தியில் ஒருமுறை அடித்துத் திருத்திப் பெரிய எண் எழுதப்பட்டிருந்தால், அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகக் கூடாது. யார் சொல்லி அந்த எண் மாறியது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

அரங்கம் வந்தால் ஊருக்கு வருமானம் பெருகும் என்ற வாதத்தைப் பற்றியும் ஒரு சொல். ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஜிம்பாலிஸ்ட் ஆகிய பொருளியலாளர்கள் 1997-இலேயே தங்கள் ஆய்வுத் தொகுப்பில் இந்த வாதத்தை எண்களோடு மறுத்துக் காட்டினார்கள். ஊர்க்காரர் கையிலுள்ள கேளிக்கைப் பணம் ஓர் அளவுதான். அதை ஆட்டத்துக்குச் செலவிட்டால் சினிமாவுக்கும் ஓட்டலுக்கும் செலவிடுவது குறையும். வேலூர் லாங்கு பஜாரில் புதுக்கடை திறந்தால் பக்கத்துக் கடையின் வியாபாரம் அதற்கு மாறுவதைப் போலத்தான். வெளியூர் ஆட்கள் திரண்டு வந்தாலொழிய ஊருக்குள் புதுப்பணம் வராது.

கல்லூரி மாணவர், காட்பாடி: நன்றாக ஆடிக் கோப்பை வென்றால் கூட்டமும் பணமும் தானாக வரும் அல்லவா?

வராது, தம்பி. லூசியானா மாநிலத்தின் மட்பக்ஸ் அணி 2011-இல் தன் லீக்கின் கோப்பையை வென்றது. வென்ற சில வாரங்களிலேயே அணியை மூடுவதாக அறிவித்தார்கள். நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டர் மொனார்க்ஸ் 2015-இல் ஏ.ஹெச்.எல்.-இன் கால்டர் கோப்பையை வென்றது. ஆனால் அந்த ஜனவரியிலேயே, பெரிய அணியான லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் தன் துணை அணியைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோவதென்று முடிவாகிவிட்டது. கோப்பையைத் தூக்கிப் பிடித்த வீரர்களுக்கும் கைதட்டிய ஊராருக்கும் அந்த அணி அடுத்த ஆண்டு அங்கே இருக்காது என்பது தெரியும். அதற்குப் பதிலாக வந்த மூன்றாம் படி அணியும் 2019-இல் நின்றுபோனது.

துணை அணியாக இருப்பதில் ஒரு வசதி உண்டு: வீரர்களின் சம்பளத்தில் பெரும்பங்கைப் பெரிய அணி ஏற்கிறது. அதன் விலை, தன் ஊரைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை போய்விடுவது. பெரிய அணி தன் வசதிக்குக் கூப்பிட்டால் போக வேண்டியதுதான்.

பள்ளி ஆசிரியை, குடியாத்தம்: நம் ஊரில் மே மாதத்தில் ஐஸ் கட்டி அரை மணி நேரம் நிற்பதில்லை. அவ்வளவு பெரிய தளத்தை எப்படி உறைய வைக்கிறார்கள்? அதற்கு என்ன செலவு?

அம்மா, ஐஸ் ஃபேக்டரியைப் பார்த்திருக்கிறீர்களா? சிறுவயதில் என் மாமாவோடு போய்ப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தரைமட்டத்தில் ஒரு பெரிய தொட்டி, அதில் உப்புநீர்; அதற்குள் வரிசையாகத் தகர அச்சுகள், அச்சுக்குள் நல்ல தண்ணீர். அம்மோனியா ஓடும் குழாய்கள் உப்புநீரைக் குளிர்விக்கும். உப்பு இருப்பதால் அது உறையாது. அதன் குளிர்ச்சியில் அச்சுக்குள்ளிருக்கும் நல்ல தண்ணீர் உறைந்து பாளமாகும். ஆள் ஒருவர் பலகைமேல் நின்று கொக்கியால் அச்சைத் தூக்கிச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்குவார். பாளம் வழுக்கி வெளியே வரும்.

ஹாக்கித் தளமும் அதே வேலைதான். 200 அடி நீளம், 85 அடி அகலமுள்ள சிமெண்டுத் தளத்தின் வயிற்றுக்குள் மைல்கணக்கில் குழாய்கள் பதித்திருப்பார்கள். அவற்றில் குளிர்ந்த உப்புநீரோ, கிளைக்கால் என்னும் எளிதில் உறையாத திரவமோ ஓடிக்கொண்டிருக்கும். மேலே தண்ணீரை மெல்லிய படலங்களாகத் தெளித்துத் தெளித்து உறைய வைப்பார்கள். முடிவில் கிடைக்கும் ஐஸின் தடிமன் ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆட்டத்தின் இடைவேளைகளில் ஜாம்போனி என்னும் வண்டி மேற்பரப்பைச் சீவி வெந்நீர் பூசிக்கொண்டு போகும். 1949-இல் கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் ஜாம்போனி என்பவர் உருவாக்கியது அது. கச்சேரியோ கூடைப்பந்தோ நடக்கும் நாளில் ஐஸை உருக்குவதில்லை; அதன்மேல் வெப்பம் புகாத பலகைகளை அடுக்கி மூடி, அதன்மேல் நாற்காலி போட்டுவிடுவார்கள்.

செலவு என்பது ஆட்டமிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும் கம்ப்ரசர்களின் மின்கட்டணம். அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. பழைய அரங்குகள் பல ஆர்-22 என்ற குளிர்வாயுவைப் பயன்படுத்தின. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் அதன் உற்பத்தியையும் இறக்குமதியையும் 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்கா நிறுத்திவிட்டது. எந்திரம் முழுவதையும் மாற்ற வேண்டிய நிலை, அதற்கு வழியே இல்லாத அரங்குகளின் வாசலில் வந்து நின்றது.

பணமில்லை என்று எந்திரத்தை மாற்றாமல் தள்ளிப்போடுவது உயிரோடு விளையாடுவது. கனடாவின் ஃபெர்னி என்ற மலையூரில், 2017 அக்டோபரில், நகராட்சி அரங்கின் பழைய குளிரூட்டியிலிருந்து அம்மோனியா கசிந்து, அங்கே வேலை செய்துகொண்டிருந்த மூவர் இறந்தார்கள். முதுமையடைந்த அந்தக் குளிரூட்டியில் கசிவு இருப்பது தெரிந்தும் அது மீண்டும் ஓட்டப்பட்டது என்று பின்னர் நடந்த விசாரணை கூறியது. அரங்கின் வரவு செலவைப் பேசும்போது இந்த மூன்று உயிர்களையும் நான் மறப்பதில்லை.

பட்டு நெசவாளர், ஆரணி: அணி மூடினால் வீரர்களின் கதி என்ன?

மூன்றாம் படி வீரருக்கு வாரச் சம்பளம், அதுவும் சீசன் நடக்கும் மாதங்களில் மட்டும். தங்குமிடத்தை அணி தருகிறது. அணி போனால் சம்பளத்தோடு வீடும் போகும். நல்ல வீரரை வேறு அணி எடுத்துக்கொள்ளும். டிக்கெட் விற்றவர், பேருந்து ஓட்டியவர், உடுப்பு துவைத்தவர் ஆகியோருக்கு அந்த வழி கிடையாது. கொரோனா வந்தபோது இது அப்பட்டமாகத் தெரிந்தது. என்.ஹெச்.எல். 2020-இல் பார்வையாளர் ஒருவர்கூட இல்லாமல் டொராண்டோவிலும் எட்மண்டனிலும் ஆட்டங்களை நடத்தி முடித்தது. தொலைக்காட்சிப் பணம் அதைத் தாங்கியது. கீழ்ப்படி லீக்குகள் சீசனை ரத்து செய்தன. அடுத்த சீசனில் ஈ.சி.ஹெச்.எல். அணிகளில் ஏறத்தாழப் பாதி களமிறங்கவே இல்லை. தறி ஓடாத நாளில் கூலி இல்லாத வீட்டின் நிலையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உடற்கல்வி ஆசிரியர், வாலாஜாபேட்டை: எல்லாம் நட்டக் கதையாகவே சொல்கிறீர்கள். நன்றாக நடக்கும் அணியே இல்லையா? எங்கள் பகுதியில் உள்விளையாட்டு அரங்கம் வேண்டுமென்று நாங்கள் சிலர் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

இருக்கின்றன. பென்சில்வேனியாவில் ஹெர்ஷே என்ற ஊர் சாக்லேட் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்தது. ராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்தைச் சுற்றிக் குடியிருப்பு வளர்ந்ததைப் போல. அந்த ஊரின் பேர்ஸ் அணி 1938 முதல் ஏ.ஹெச்.எல்.-இல் ஒரே ஊரில், ஒரே பெயரில் ஆடிக்கொண்டிருக்கிறது. 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் கால்டர் கோப்பை அதற்கே. அணியையும் அரங்கையும் நடத்துவது ஒரே நிறுவனம். எனவே பீர் விற்ற காசு யாருக்கு என்று அங்கே சண்டை எழ இடமில்லை. ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போடுவதுதான்.

முதல் கேள்வி கேட்ட சத்துவாச்சாரி வாசகர் பார்த்த டொலீடோவும் அப்படித்தான். அங்கே ஸ்டார்ம் என்ற பழைய அணி 1947-இல் கட்டப்பட்ட அரங்கில் ஆடியது. 2007-இல் அந்த அரங்கம் மூடப்பட்டபோது அணியும் நின்றது. பக்கத்து இருக்கைப் பெரியவர் சொன்ன இரண்டு ஆண்டு இடைவெளி அதுதான். 2009-இல் 10.5 கோடி டாலரில் புது அரங்கம் திறந்து வால்ஐ அணி வந்தது. அணியின் உடைமை, அந்த மாவட்ட நிர்வாகத்தின் கீழுள்ள, இலாப நோக்கமற்ற ஓர் அமைப்பிடம் இருக்கிறது. அதே நிர்வாகம் மட் ஹென்ஸ் என்ற பேஸ்பால் அணியை 1965 முதலே நடத்தி வந்த அனுபவம் பெற்றது. கோடையில் பேஸ்பால், குளிரில் ஹாக்கி என்று ஆண்டு முழுதும் ஒரே ஊழியர்களுக்கு வேலை இருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் வீலிங்கில், 2012-இல் அணி கைமாறும் நிலை வந்தபோது ஊர் அமைப்புகளே சேர்ந்து வாங்கி அதை ஊரிலேயே நிறுத்திக்கொண்டன. ஆக, ஊரார் பணம் போடுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. கட்டடத்தின் கடன் மட்டும் ஊராருக்கு, ஆட்டத்தின் வரவும் ஊரைவிட்டுப் போகும் உரிமையும் வேறொருவருக்கு என்று பிரித்துக் கையெழுத்திடுவதுதான் தவறு.

நம் நாட்டில் மைதான ஹாக்கியும் இந்தத் தள்ளாட்டத்துக்கு விலக்கில்லை. 2013-இல் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக் 2017-க்குப் பிறகு நின்றுபோய், 2024 டிசம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. அந்தச் சீசனில் நம் தமிழ்நாடு டிராகன்ஸ் அணி சென்னையில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. ஆடவர் ஆட்டங்கள் பெரும்பாலும் ஒடிசாவின் ரூர்கேலாவில், அம்மாநில அரசு கட்டிய மைதானத்தில் நடந்தன. சொந்த ஊர் வாயில் வசூல் இல்லாத அணி, உரிமையாளரின் பணப்பையை மட்டும் நம்பி நிற்கிறது.

உங்கள் மனுவைப் பற்றிச் சொல்லும்முன் என் அனுபவம் ஒன்று. இளைஞனாக இருந்தபோது ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு சங்கத்தார் மின்னொளி வாலிபால் போட்டி நடத்தினார்கள். கணக்கு எழுதும் பொறுப்பு என்னுடையது. சவுக்குக் கம்பும் பலகையும் கொண்டு மூன்று பக்கமும் கேலரி கட்டினோம். ஐந்து நாள் போட்டி. மூன்றாம் நாள் மாலை பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை. வெளியூர் அணிகள் பயணப்படி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டன. கேலரிக்காரர் ஆறாம் நாள் காலையில் வந்து முழுத் தொகையையும் கேட்டார். அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. ஐந்து நாளும் கேலரி நின்றதே! டிக்கெட் வசூல் போதாமல், சங்கத்தில் நான்கு பேர் சொந்தப் பணம் போட்டுத் தீர்த்தோம். அந்த நால்வரில் ஒருவர் மனைவியின் வளையலை அடகு வைத்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஆகவே, ஐயா, மனுவில் இருக்கை எண்ணிக்கையை எழுதும்முன், ஆண்டில் எத்தனை நாள் அரங்கம் உறுதியாகப் பயன்படும் என்று நாள்வாரியாக எழுதிப் பாருங்கள். பள்ளிகளுக்கிடையிலான போட்டி, காலை மாலைப் பயிற்சி, அரசுத் தேர்வு மையம், பொருட்காட்சி, எதுவானாலும் கேட்டு உறுதி செய்தவற்றை மட்டும் எழுதுங்கள். கட்டுமானச் செலவுக்கு நிதி கேட்கும் அதே தாளில், பத்தாண்டுப் பராமரிப்புக்கும் மின்கட்டணத்துக்கும் பொறுப்பு யாருடையது என்று ஒரு வரி சேருங்கள். தனியார் அணியோ அகாதமியோ வாடகைக்கு வந்தால், பாதியில் விலகுவோருக்கு இழப்பீட்டு நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கட்டும். சிறியதாகத் தொடங்கி, பின்னர் விரிவாக்க இடம் விட்டுக் கட்டச் சொல்லுங்கள். வேலூர் வெயிலில் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது கூரையும் நல்ல தரையும். மனுவின் நகலை எனக்கு அனுப்பினால் செலவுப் பத்திகளைப் பார்த்துத் தருகிறேன்.